அயர்லாந்தின் புனிதக் கிணறுகள்: குணமாக்குவது தண்ணீரா, சுற்றி வரும் நடையா?

ஆம்பல்

அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு கண் சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். கண்புரை அறுவைக்கு வரும் மூத்தவர்களில் சிலர் கைப்பைக்குள் ஒரு சிறு பாட்டில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். பழைய இருமல் மருந்துப் பாட்டில், பழச்சாறு வந்த பிளாஸ்டிக் பாட்டில், லேபிள் பாதி உரிந்திருக்கும். என்ன என்று கேட்டால் "லிஸ்கானர்" என்று ஊர்ப் பெயரை மட்டும் சொல்வார்கள். கிளேர் கவுண்டியில் (நம் மாவட்டம் போல) மோகர் செங்குத்துப் பாறைகளுக்கு அருகே இருக்கும் புனித பிரிஜித் கிணற்றுத் தண்ணீர் அது.

அண்மையில் ஒரு பாட்டி, "இதை அடுப்பில் வைத்தால் கொதிக்கவே கொதிக்காது" என்றார். வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "எந்தப் பாவியாவது அதை வைப்பாளா?" என்று பதில் வந்தது. இதே பாட்டி அறுவைக்குப் பிறகு சொட்டு மருந்து நேரத்தை ஒருமுறைகூடத் தவறவிடவில்லை.

எனக்கு இரண்டு சந்தேகம். இந்த நாட்டில் கண்ணுக்கென்றே ஏன் இத்தனை கிணறுகள்? இதெல்லாம் கிறிஸ்தவம் வருவதற்கு முந்தையது என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது எவ்வளவு உண்மை? படித்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தாழை

அக்கா, கொதிக்காத தண்ணீர் உங்கள் பாட்டி ஒருவருடைய நம்பிக்கை இல்லை, தீவு முழுவதும் சொல்லப்படுவது. 1937 முதல் 1939 வரை அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம் சுமார் 5000 தொடக்கப் பள்ளிகளின் பிள்ளைகளைக் கொண்டு ஊர்ப் பெரியவர்களின் கதைகளை எழுதி வாங்கியது. கொடுத்த தலைப்புகளில் புனிதக் கிணறும் ஒன்று. இப்போது அந்த நோட்டுகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் கையெழுத்தில் ஒரே செய்தி கவுண்டிக்குக் கவுண்டி வருகிறது: புதிதாக வந்த ஒருத்தி தெரியாமல் அந்தத் தண்ணீரைக் கெட்டிலில் ஊற்றினாள், மூட்டை மூட்டையாக எரித்தும் கொதிக்கவில்லை, மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு மீன்.

அந்த மீனுக்கும் தனி மரியாதை உண்டு. கிணற்றில் ட்ரௌட்டோ விலாங்கோ கண்ணில் பட்டால் வேண்டியது நடக்கும் என்பார்கள். மீத் கவுண்டியில் புனித கியரன் கிணற்றில் ஆகஸ்டு முதல் ஞாயிறு பிறக்கும் நள்ளிரவில் மூன்று ட்ரௌட் தோன்றும் என்று காத்திருப்பார்கள்.

கிணற்றுக்கு ரோஷமும் உண்டு. யாராவது அதில் அழுக்குத் துணி துவைத்தால் இரவோடு இரவாக வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடும். பக்கத்து மரத்தை வெட்டினால் விறகு எரியாது. ஜமீன்தார் ஒருவன் கேலியாகத் தன் குருட்டுக் குதிரையைக் கொண்டுவந்து கண் கழுவினான், குதிரைக்குப் பார்வை வந்தது, அவனுக்குப் போயிற்று. இந்தக் கதைக்கு எத்தனை வடிவம் என்று நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். நிலம் யாரிடம் இருந்தது, கிணறு யாருடையது என்று தெரிந்தால் கதை யாருடைய கோபம் என்றும் தெரிந்துவிடும்.

மருந்துக்கடை

கதைகள் அழகு. நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன்.

இந்தக் கிணறுகள் எதற்கெல்லாம் பேர் போனவை என்று பட்டியலைப் பாருங்கள். கண் எரிச்சல், கண்கட்டி, மரு, பல்வலி, தலைவலி, முதுகுவலி, பிள்ளைகளின் கக்குவான் இருமல். கண்கட்டி ஒன்றிரண்டு வாரத்தில் தானாக உடையும். பிள்ளைகளின் மருக்களில் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டில் தாமாகவே உதிரும். கக்குவான் உயிரைக் கொல்லாவிட்டால் மூன்று மாதத்தில் ஓயும். முதுகுவலி வருவதும் போவதுமாக இருக்கும்; வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதன் கிணற்றுக்குக் கிளம்புகிறான், அதற்குப் பிறகு இறங்கத்தான் செய்யும். முறிந்த கால் எலும்புக்கென்று ஒரு கிணறு சொல்லுங்கள் பார்ப்போம். ஊர்க்காரர்களுக்கே எல்லை தெரிந்திருக்கிறது.

கல்தச்சன்

மருந்துக்கடைத் தம்பி சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் கண் என்பது அவர் சொல்வதுபோல் சில்லறை நோய் இல்லை. ஆம்பலின் முதல் கேள்விக்கு நான் சொல்லும் பதில் அடுப்பங்கரையில் இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டு அயர்லாந்து ஏழையின் வீடு மண்சுவர்க் குடிசை. பல வீடுகளில் புகைபோக்கி கிடையாது. கூரையில் ஒரு ஓட்டை, அல்லது கதவு வழியாகவே புகை போக வேண்டும். எரிபொருள், சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய டர்ஃப் கட்டி. நாள் முழுக்க அது கனன்றுகொண்டே இருக்கும். குளிர்காலத்தில் குடும்பம் முழுவதும் அந்தப் புகைக்குள்தான் உட்கார்ந்திருந்தது. கண் சிவக்காமல் என்ன செய்யும்?

அதற்கு மேல் 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சம். ஏழைகள் விடுதிகளில் நெருக்கியடித்துக் கிடந்தவர்களிடையே தொற்றுக் கண்நோய் பரவி, 1849க்குப் பின் பல்லாயிரம் பேரைப் பிடித்தது. கண்ணை இழந்தவர்களில் பெரும்பகுதி சிறுபிள்ளைகள்.

இந்த நோயைப் பற்றி அக்காலத்தில் விரிவாக எழுதியவர் வில்லியம் வைல்டு. டப்ளினில் 1844இல் கண், காது நோய்களுக்கென்று புனித மாற்கு மருத்துவமனையைத் தொடங்கிய அறுவை மருத்துவர். ஆஸ்கர் வைல்டின் தந்தை. அவரேதான் குடியானவர்களின் நம்பிக்கைகளைச் சேகரித்து 1852இல் நூலாகவும் வெளியிட்டார். காலையில் கண்ணைக் கீறிச் சிகிச்சை செய்துவிட்டு, அதே நோயாளியிடம் ஊர்க் கிணற்றுக் கதையைக் கேட்டுக் குறித்துக்கொண்ட மனிதர். பஞ்சத்தில் மக்கள் செத்தும் கப்பலேறியும் போனபோது அந்த வழக்கங்களும் கூடவே போகின்றன என்று வருந்தினார். சிரித்து ஒதுக்கும் ஆளாக இருந்தால் அந்த வருத்தம் வந்திருக்காது.

வடகரை

மருந்துக்கடை அண்ணன் கெர்ரி கவுண்டியை மறந்துவிட்டார்! டிங்கிள் தீபகற்பத்தில் காம்ப் ஊருக்குப் பக்கத்தில் க்ளௌன் ந ங்யால்ட், அதாவது பித்தர்களின் பள்ளத்தாக்கு. மனம் பேதலித்தவர்கள் எங்கிருந்தாலும் கால் தானாக அங்கே இழுத்துப் போகும். அங்குள்ள கிணற்று நீரைக் குடித்து, அதன் ஓரம் வளரும் வாட்டர்கிரெஸ் கீரையைத் தின்றால் தெளிவார்கள் என்பது நம்பிக்கை. 637இல் நடந்த மாய் ராத் போரில் பித்துப் பிடித்து ஓடிய சுவீனி மன்னனைப் பற்றிய பழைய ஐரிஷ் கதையிலும் பித்தர்கள் கூடும் பள்ளத்தாக்கு ஒன்று வருகிறது. கீரைக்காக அவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வார்களாம்.

அந்தத் தண்ணீரைச் சோதித்ததில் லித்தியம் இருந்தது என்று செய்தி வந்தது. லிட்டருக்குச் சுமார் 55 மைக்ரோகிராம். இருமுனை மனநோய்க்கு மருத்துவர்கள் கொடுப்பதும் லித்தியம்தானே? 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் கண்டுபிடித்ததை இந்த மாடு மேய்ப்பவர்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பே தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

மருந்துக்கடை

வடகரை, இந்தச் செய்தியை எனக்கு அனுப்பாத உறவினர் இல்லை. பென்சிலை எடுங்கள்.

சாதாரணமாக ஒரு நோயாளிக்கு நாளைக்கு 900 மில்லிகிராம் லித்தியம் கார்பனேட் என்று வையுங்கள். அதில் லித்தியம் மட்டும் ஏறக்குறைய 170 மில்லிகிராம். கிணற்று நீரில் லிட்டருக்கு 0.055 மில்லிகிராம். ஒரு நாள் மருந்துக்கு ஈடாகச் சுமார் 3000 லிட்டர் குடிக்க வேண்டும். பித்தம் தெளிவதற்கு முன் கிணறு வற்றிவிடும்.

எனக்கு இதில் எரிச்சல் தருவது வேறு. புனிதர் குணமாக்கினார் என்று ஒரு பாட்டி சொன்னால் சிரிப்பவர்கள், லித்தியம் குணமாக்கியது என்றவுடன் தலையாட்டுகிறார்கள். இரண்டுக்கும் கணக்கு யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

வடகரை

கணக்கை மறுக்கவில்லை. ஆனால் மருந்தளவு மட்டும்தான் அளவா? ஜப்பானில் ஓய்டா மாகாணத்தின் 18 நகராட்சிகளில் குடிநீரை அளந்து 2009இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். லித்தியம் லிட்டருக்கு 0.7 முதல் 59 மைக்ரோகிராம் வரை இருந்தது. அதிகமாக இருந்த ஊர்களில் தற்கொலை விகிதம் குறைவு. கெர்ரிக் கிணற்றின் 55 அந்த அளவின் மேல் நுனியில் நிற்கிறது.

மருந்துக்கடை

ஓய்டாவில் அந்தத் தண்ணீரை வாழ்நாள் முழுக்கக் குடித்தவர்கள் இருக்கிறார்கள். அதுவும் ஊர்களை ஒப்பிட்ட புள்ளிவிவரம், ஒரு நோயாளியைக்கூட யாரும் குணப்படுத்திக் காட்டவில்லை. கெர்ரிக்கு வந்த பித்தன் எத்தனை நாள் தங்கினான்? தங்கியவனுக்கு யார் சோறு போட்டார்கள்? எனக்கு அதுதான் தெரிய வேண்டும். கூச்சல் போட்டுக்கொண்டு வருபவனைக் கட்டிவைத்து அடிக்காமல், "இவன் வர வேண்டிய இடத்துக்குத்தான் வந்திருக்கிறான்" என்று விட்டுவைக்கும் பள்ளத்தாக்கு ஒன்று இருந்தால், அதுவே பாதி வைத்தியம். அதற்கு லித்தியம் வேண்டாம்.

பனங்காடு

எந்த நாட்டுக்குப் போனாலும் இதே மூடநம்பிக்கை, இதே உண்டியல் வசூல். இதற்கு ஒரு இழை வேறு.

செந்தாழை

உண்டியல் என்று சொல்லிவிட்டீர்களே, அங்கேதான் விஷயம் வேறாக இருக்கிறது. பெரும்பாலான கிணறுகள் வயல்வெளியில் ஆளில்லாமல் கிடக்கின்றன. சீட்டு இல்லை, பூசாரி இல்லை. தீவில் சுமார் 3000 புனிதக் கிணறுகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். பலவற்றுக்கு ஒரு பெயர்ப்பலகைகூடக் கிடையாது. காணிக்கை என்று விடுவது ஊசி, பொத்தான், கூழாங்கல், செப்புக்காசு. கிணற்றை விட்டுவிட்டு மனிதர்களைப் பார்த்தாலும் அப்படித்தான்: ஏழாவது மகனுக்குக் கைராசி, பிறந்த வீட்டுப் பெயரும் புகுந்த வீட்டுப் பெயரும் ஒன்றாக அமைந்த பெண் கொடுக்கும் ரொட்டி கக்குவானுக்கு மருந்து. இவர்கள் காசு வாங்கக் கூடாது. சில இடங்களில் நன்றி சொன்னால்கூடக் குணம் ஓடிவிடும்.

சரி, சிகிச்சை முறைக்கு வருகிறேன். கிணற்றுக்குப் போய்த் தண்ணீரை மொண்டு குடித்துவிட்டு வந்தால் ஒன்றும் நடக்காது. நாள் பார்க்க வேண்டும்: புனிதரின் திருநாள், அல்லது ஜூலை கடைசி ஞாயிறு. பலர் வெறுங்காலோடு போவார்கள். சூரியன் போகும் திசையில் வலம் வர வேண்டும். மூன்று, ஏழு, ஒன்பது என்று ஊருக்கொரு கணக்கு. எதிர்த்திசையில் சுற்றினால் அது சாபம். கையில் கூழாங்கற்கள், சுற்றுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் சொல்ல வேண்டும். இடையில் யாரோடும் பேசக் கூடாது. கடைசியில்தான் தண்ணீர். நோயாளி படுக்கையில் கிடந்தால் வேறொருவர் அவருக்காகச் சுற்றலாம்.

அதற்குப் பிறகு கந்தல். நோயுள்ள இடத்தில் பட்ட துணியில் ஒரு கீற்றைக் கிழித்து, தண்ணீரில் நனைத்து, பக்கத்து முள்மரத்திலோ ஆஷ் மரத்திலோ கட்ட வேண்டும். துணி மக்க மக்க நோய் போகும். அதை அவிழ்ப்பவருக்கு அந்த நோய் தொற்றும். டோனகல் கவுண்டியில் டூன் கிணற்றருகே உள்ள புதர் இப்படித்தான் கந்தலால் மூடிக் கிடக்கிறது. அங்கே முன்பு ஊன்றுகோல்களையும் நட்டுவிட்டுப் போனார்கள்.

மருந்துக்கடை

இப்போது கட்டுவது பாலியஸ்டர். மக்கவே மக்காது. இந்த விதிப்படி நோயும் போகாது.

செந்தாழை

சிரிக்காதீர்கள் அண்ணா, அங்கே உண்மையாகவே அதுதான் பிரச்சினை. நைலான் நாடா, பிளாஸ்டிக் அடையாள அட்டை, காலுறை, முகக்கவசம் எல்லாம் கட்டுகிறார்கள். இறுக்கமாகக் கட்டிய செயற்கை நூல் கிளையின் கழுத்தை நெரிக்கிறது. பழைய அரசர்களின் இடமான தாராக் குன்றின் மரத்துக்கும் இந்தச் சுமை உண்டு.

காசு அடிப்பது இன்னும் மோசம். லீஷ் கவுண்டியில் க்ளோனெனா என்ற இடத்தில் ஒரு சைக்கமோர் மரம். தரையில் இருந்த புனித ஃபின்டன் கிணற்றை யாரோ அசுத்தம் செய்ததால் தண்ணீர் மரத்தின் கவட்டைக்குள் ஏறிக்கொண்டது என்பது கதை. கவட்டையில் மழைநீர் தேங்கும், அதுதான் மருந்து. வேண்டிக்கொண்டவர்கள் காசுகளை மரத்திலேயே அறைந்தார்கள், தலைமுறை தலைமுறையாக. பட்டை முழுக்க உலோகச் செதில். மரம் 1994இல் சாய்ந்தது. அடியிலிருந்து துளிர்கள் கிளம்பியிருக்கின்றன. அவற்றிலும் காசு அடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் ஆச்சரியப்பட மாட்டேன்.

கல்தச்சன்

ஆம்பலின் இரண்டாவது கேள்வி அப்படியே கிடக்கிறது. "இது கெல்ட்டியப் பழங்காலத்தது", அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்தையது என்று சுற்றுலாப் பலகைகள் தயங்காமல் எழுதிவிடுகின்றன. சான்று அவ்வளவு தாராளமாக இல்லை.

7ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய டீரஹான் என்ற ஆயர் ஒரு கிணற்றைப் பற்றிச் சொல்கிறார். ட்ரூயிடுகள், அதாவது பழைய மதத்தின் பூசாரிகள், அதைத் தெய்வமாக எண்ணிக் காணிக்கை போட்டார்கள். நீர்களுக்கு அரசன் என்று அழைத்தார்கள். நெருப்புக்கு அஞ்சிய ஒரு ஞானியின் எலும்பு அதை மூடிய கல்லுக்கடியில் இருப்பதாக நம்பினார்கள். கிறிஸ்தவத்தைப் பரப்ப வந்த புனித பேட்ரிக் கல்லைத் தூக்கச் செய்தார். உள்ளே தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. ஆக, கிணற்றை வணங்கியவர்கள் இருந்தார்கள் என்ற நினைவு அந்தக் காலத்திலேயே இருக்கிறது. ஆனால் பேட்ரிக்குக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழித்து, அவர் பெருமையை நிலைநாட்ட எழுதியவரின் சொல் இது என்பதையும் மறக்கக் கூடாது.

இன்று நாம் காணும் சடங்கு, அதாவது எண்ணிக்கையோடு வலம், ஜெபமாலை, தவம், திருநாள் கூட்டம் ஆகியவை 16, 17ஆம் நூற்றாண்டுகளில்தான் இந்த உருவம் பெற்றன என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். கோயில்களைப் புராட்டஸ்டண்டுகள் எடுத்துக்கொண்ட பிறகு கத்தோலிக்கருக்குக் கூரையுள்ள இடம் இல்லை. கிணறும் பாறையும்தான் மிச்சம். ஸ்லைகோவில் டோபர்நால்ட் கிணற்றருகே பாறையைப் பலிபீடமாக்கி மறைவாகத் திருப்பலி நடத்தினார்கள். தண்ணீர் பழையதாக இருக்கலாம், பக்தி அடக்குமுறைக் காலத்தில் கெட்டிப்பட்டது.

ஆட்சியாளர்களுக்கும் இது புரிந்தது. 1704ஆம் ஆண்டுச் சட்டம், கிணற்றுக்கு யாத்திரையாகக் கூடுவதைக் கலகம் என்றே வகைப்படுத்தியது. தலைக்குப் பத்து ஷில்லிங் அபராதம், கட்ட முடியாதவருக்குக் கசையடி. வேடிக்கை என்னவென்றால், கத்தோலிக்க ஆயர்களுக்கும் இது பிடிக்கவில்லை. 1660இல் டூவம் நகரில் கூடிய ஆயர் மன்றம், கிணறுகளில் ஆட்டமும் குழலும் கும்மாளமும் கூடாது என்று தடை போட்டது. காலையில் வலம், மாலையில் விஸ்கி, இரவில் இரண்டு ஊர்க் கோஷ்டிகளின் தடியடி என்று திருநாள் போயிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பங்குத்தந்தைகளே பல திருநாள்களை ஒழித்துக் கட்டினார்கள். சட்டத்தால் முடியாததைப் பஞ்சமும் பங்குத்தந்தையும் செய்தார்கள்.

பனங்காடு

காசு வாங்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாத செய்தி. மற்றபடி என் கருத்து மாறவில்லை.

ஆம்பல்

அனைவருக்கும் நன்றி. இந்த இழையைப் படித்தபின் விடுமுறை நாளில் லிஸ்கானருக்குப் போனேன். சாலையோரம் கண்ணாடிக் கூண்டுக்குள் பிரிஜித் சிலை. அதைத் தாண்டினால் கல்லால் கட்டிய ஒரு குறுகிய நடை, குகைபோல் உள்ளே போகிறது. சுவரில் விரல் வைக்க இடமில்லை: இறந்தவர்களின் நினைவு அட்டைகள், ஜெபமாலைகள், திரு இருதயப் படங்கள், பள்ளிச் சீருடையில் ஒரு பையன் படம், மருத்துவமனைக் கைப்பட்டை, ஈரத்தில் மை கரைந்த கடிதங்கள். ஒரு மூலையில் ஊன்றுகோல். கடைசியில் தொட்டியில் தண்ணீர் விழுகிறது. மேலே பழைய இடுகாடு. வலத்தில் அதுவும் சேர்த்தி.

ஒன்றைக் கவனித்தேன். "குணமானது, நன்றி" என்பவற்றைவிட "அவளைப் பார்த்துக்கொள்" என்று கேட்கும் கடிதங்கள்தான் கண்ணில் பட்டன. அங்கே வருபவர்கள் பலர் நோயாளிகளே இல்லை, நோயாளியின் அம்மாவோ அண்ணனோ. வார்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நாங்கள் எதுவும் செய்யக் கொடுப்பதில்லை. இங்கே அவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது.

மருந்துக்கடை அண்ணா, ஒரு நேரடிக் கேள்வி. அந்தப் பாட்டிக்கு இரண்டாவது கண்ணுக்கு அறுவை வரப்போகிறது. தண்ணீரைக் கண்ணில் விடலாமா என்று கேட்டால் என்ன சொல்வது?

மருந்துக்கடை

கூடவே கூடாது. அறுவைக்கு முன்பும் சரி, பின்பும் சரி, கண்ணில் ஒரு சொட்டு படக் கூடாது. திறந்த கிணற்று நீரில் கண்ணைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கலாம். புதிதாக வெட்டிய கருவிழியில் தொற்று ஏறினால் பார்வையே போய்விடும்.

குடிப்பதும் வேண்டாம். சுற்றிலும் மாட்டுப் பண்ணை, வயலில் சாணக் கரைசல் தெளிக்கும் நாடு. விடெக் என்னும் கொடிய ஈ-கோலை வகை ஐரோப்பாவிலேயே அயர்லாந்தில்தான் மிக அதிக விகிதத்தில் பதிவாகிறது. சுத்திகரிக்காத கிணற்று நீர் அதற்குத் தெரிந்த காரணங்களில் ஒன்று. சிறுபிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் சிறுநீரகத்தைத் தாக்கும். கொதிக்க வைத்தால் ஆபத்து போய்விடும், ஆனால் உங்கள் பாட்டி அதைக் கொதிக்க வைக்க மாட்டார்.

பாட்டிலைப் பிடுங்காதீர்கள். மூடியை இறுக்கி மேசைமேல் வைத்திருக்கட்டும்.

செந்தாழை

தண்ணீர் படாத வைத்தியமும் இருக்கிறது அக்கா. கார்க் கவுண்டியில் பல்லிவோர்னி என்ற ஊரில், பிப்ரவரி 11 புனித கோப்னட் திருநாள். தேனீக்களின் புனிதை. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவரது சிறிய மரச் சிற்பத்தை அன்று வெளியே எடுத்து வைப்பார்கள். வருபவர்கள் கையோடு நாடா கொண்டுவருவார்கள். சிற்பத்தின் தலையிலிருந்து கால்வரை நாடாவை நீளமாக வைத்து ஒருமுறை, சுற்றி ஒருமுறை அளந்து வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். ஆண்டு முழுக்க வீட்டில் இருக்கும்; யாருக்காவது உடம்புக்கு முடியாதபோது நோயுள்ள இடத்தில் சுற்றுவார்கள். பிரிஜித்துக்கும் இப்படி ஒன்று உண்டு: ஜனவரி 31 இரவு ஒரு துணியை வெளியே போட்டு வைத்தால் அவர் கடந்து போகையில் தொட்டுவிட்டுப் போவார், அது தலைவலிக்கும் பிரசவத்துக்கும். 2023 முதல் அவர் திருநாளை ஒட்டி அரசு விடுமுறையும் விடுகிறார்கள், ஆகவே துணி போட மறந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆம்பல்

நாடா நல்ல யோசனை. பாட்டியிடம் சொல்லிப் பார்க்கிறேன். அவருக்குக் கார்க் புனிதை மேல் நம்பிக்கை இருக்கிறதோ என்னவோ. இவர்களுக்குள் கவுண்டிப் போட்டி பலமானது.

மருந்துக்கடை

நாடாவுக்கு என் தரப்பில் ஆட்சேபம் இல்லை. கண் கட்டின் மேல் சுற்றாதவரை.